சர்வர் எரர் வந்தால் என்ன செய்வது? பழுது யார் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ரேஷன் கடை, வங்கி, சார்பதிவாளர் அலுவலகம், இ-சேவை மையம் என்று கொங்கு நாட்டில் எங்கே வரிசையில் நின்றாலும், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இது காதில் விழும்: “சர்வர் டவுனுங்க, மத்தியானமா வாங்க.” அங்கே நாம் செய்ய ஒன்றும் இல்லை. அதே தொல்லை நம் கையிலிருக்கும் போனில் வந்தால் மட்டும் ஆளுக்கொரு வைத்தியம் பார்க்கிறோம். போனை அணைத்துப் போடுகிறோம், பிரவுசரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறோம், பணம் கட்டும் பொத்தானை நாலு தடவை அமுத்துகிறோம். இதில் பாதி வீண் வேலை. கடைசியாகச் சொன்னது காசுக்கே வினை.

பெருந்துறைப் பக்கம் ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரே கட்சிதான்: பழுது யார் பக்கம் என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. கீழ்பவானிப் பாசனத்தில் கடைமடைக் காட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், விவசாயி எடுத்தவுடன் பவானிசாகருக்கு ஓடமாட்டார். தன் மடை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கிளை வாய்க்கால். அதற்கப்புறம்தான் அணையில் திறந்தார்களா என்ற விசாரணை. இணையத்திலும் பார்க்க வேண்டிய இடம் மூன்றுதான்: உங்கள் கருவி, நடுவிலுள்ள இணைப்பு, அந்தப் பக்கத்து சர்வர், அதாவது தளத்தை நமக்கு அனுப்பும் கணினி. முதல் இரண்டும் உங்கள் கைக்கு எட்டும். மூன்றாவது எட்டாது. ஆனால் பழுது அங்கேதான் என்று உறுதியாகிவிட்டால், போனைப் போட்டு வதைக்காமல் செய்ய வேண்டியதை மட்டும் செய்யலாம்.

முதல் படி: பக்கத்தை மூடாதீர்கள், படியுங்கள்

எரர் வந்ததும் பட்டென்று பின்னால் போய்விடுவதுதான் பலருக்கும் பழக்கம். விடையே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் வேலையாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் போதும். மேலே மணி தெரியட்டும், பின்னால் உதவும்.

அடுத்து, மூன்று இலக்க எண் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணின் முதல் இலக்கம் போதும். 4-ல் தொடங்கினால், “நீங்கள் கேட்டதில் ஏதோ சரியில்லை” என்று சர்வர் சொல்கிறது. 5-ல் தொடங்கினால், “நீங்கள் கேட்டது சரிதான், என்னால் கொடுக்க முடியவில்லை” என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. எண்ணே இல்லாமல் பிரவுசர் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டினால், பெரும்பாலும் உங்கள் கேள்வி சர்வர் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

இந்த எண்கள் ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டவை அல்ல. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே 404, 500, 502, 503 எல்லாம் இருக்கின்றன. இப்போது நடப்பிலுள்ள தரம் 2022 ஜூனில் வந்தது. ஆகவே சென்னையில் ஓடும் சர்வரானாலும் சிங்கப்பூரில் ஓடும் சர்வரானாலும் 503-க்குப் பொருள் ஒன்றுதான். நடுவில் 1998 ஏப்ரல் 1 அன்று, “நான் ஒரு டீ கெட்டில், என்னால் காபி போட முடியாது” என்று சொல்லும் 418 என்ற எண்ணையும் விளையாட்டாக எழுதி வைத்தார்கள். அது உங்களுக்கு வந்தால் கவலைப்பட வேண்டாம், யாரோ குறும்பு செய்கிறார்கள்.

சில தளங்கள் எண்ணை மறைத்துவிட்டு, “ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்” என்று மட்டும் காட்டும். அதை 5-ல் தொடங்கும் எண்ணாகவே எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

இரண்டாம் படி: எண் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து தொடங்குங்கள்

குரோமில் குட்டி டைனோசர் நின்றால் சங்கதி எளிது, உங்களிடம் இணையமே இல்லை. “திஸ் சைட் கான்ட் பி ரீச்டு” என்று வந்தால்தான் கொஞ்சம் தேட வேண்டும்.

முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் தினமும் போகிற தளம் வேண்டாம், பழைய பக்கத்தையே சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டி ஏமாற்றிவிடும். கூகுளில் ஏதாவது புதுச் சொல்லைத் தேடுங்கள். அதுவும் வரவில்லை என்றால் இணைப்பில் கோளாறு. ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் லைனிலேயே சிக்கல், நீங்கள் போனில் எதைத் தட்டினாலும் ஆகாது. லைன்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

மற்ற தளங்கள் வருகின்றன, இது மட்டும் வரவில்லையா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனையை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மொபைல் டேட்டாவில் திறந்தால் தளத்தில் பழுதில்லை, வீட்டு இணைப்பில்தான் பழுது. இரண்டிலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

வீட்டு இணைப்பில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டால், பிரவுசர் காட்டும் சின்ன எழுத்தைப் படியுங்கள். அதில் டிஎன்எஸ் என்ற சொல் இருந்தால், தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் இடத்தில் சிக்கல். ஊர்க் கேபிள்காரர் தரும் இணைப்புகளில் இது அடிக்கடி வரும். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்ட போன் என்றால் அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று தேடி, ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’ என்ற முகவரியை ஆங்கிலத்தில் உள்ளிடுங்கள். கம்ப்யூட்டர் என்றால் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போடலாம். முன்னது கூகுளுடையது, பின்னது கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் 2018-ல் தொடங்கியது. இரண்டும் இலவசம். இப்படிச் செய்தும் ‘என்எக்ஸ்டொமைன்’ என்றே வந்தால் அந்தப் பெயரில் தளமே இல்லை என்று பொருள்: ஒன்று எழுத்துப் பிழை, அல்லது தளத்துக்காரர் பெயரைப் புதுப்பிக்க மறந்திருக்கிறார்.

‘டைம்டு அவுட்’ என்றால் கேட்டுக் காத்திருந்தும் பதில் இல்லை. ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் அந்தப் பக்கத்து இயந்திரம் இருக்கிறது, ஆனால் உள்ளே விடவில்லை. பின்னது பெரும்பாலும் அவர்கள் வேலை.

“யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்” என்ற சிவப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் உங்கள் கருவியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளில் பொத்தான் மாதிரியான சிஆர்2032 பேட்டரி ஒன்று உள்ளே இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க தேதியும் முடிவு தேதியும் உண்டு. உங்கள் கணினி பழைய வருஷத்தில் நின்றால் எல்லாச் சான்றிதழும் அதற்குச் செல்லாது என்றே தோன்றும். கடைக்கு வரும் கணினிகளில் “எந்த சைட்டும் திறக்கறதில்லீங்க” என்ற புகாருக்கு இந்தச் சின்னப் பேட்டரி பலமுறை காரணமாக இருந்திருக்கிறது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அது செய்தித்தளம் என்றால் போகிறது, வங்கித்தளமோ பணம் கட்டும் தளமோ என்றால் “பரவாயில்லை, உள்ளே போ” என்ற இணைப்பை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: 4-ல் தொடங்கும் எண்கள்

404 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பக்கம் அந்த முகவரியில் இல்லை. அரசுத் தளங்கள் புது வடிவத்துக்கு மாறும்போது பழைய இணைப்புகள் கூட்டமாகச் செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய நீள முகவரியை விட்டுவிட்டு, தளத்தின் முகப்புக்குப் போய் அங்கிருந்து தேடுங்கள். பழைய கட்டுரையைப் படிக்க மட்டும் வேண்டும் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் நகல் கிடைக்கும்.

403 என்றால் “பக்கம் இருக்கிறது, உங்களுக்குக் காட்டமாட்டேன்.” இதற்கு இங்கே அடிக்கடி காணும் காரணம் விபிஎன், அதாவது நம் இணைப்பை வேறு ஊர் வழியாகச் சுற்றிவிடும் சேவை. விளம்பரம் தடுப்பதற்கோ வேறு எதற்கோ போட்ட விபிஎன் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஊத்துக்குளியில் உட்கார்ந்திருந்தாலும், தளம் உங்களை நெதர்லாந்தில் இருப்பதாக நினைக்கும். நம் அரசுத் தளங்கள் பல, வெளிநாட்டு முகவரிகளிலிருந்து வருவோரை உள்ளே விடுவதில்லை. துபாயிலோ டெக்ஸாஸிலோ இருக்கும் மகன், ஊர்ப் பட்டா விவரம் பார்க்க முடியவில்லை என்று கூப்பிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். இங்கே இருப்பவர் பார்த்து அனுப்புவதுதான் சுருக்கு வழி.

400 வந்து, கூடவே குக்கீ பெரிதாகிவிட்டது என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைத்த சிறு குறிப்புகள் அளவு மீறிவிட்டன. இதற்காக மொத்த பிரவுசர் வரலாற்றையும் அழிக்காதீர்கள். சேமித்த லாகின் எல்லாம் போய்விடும். முகவரிக்கு இடப்பக்கமுள்ள சின்னத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் நீக்குங்கள். அதற்கும் முன்னால் இன்காக்னிடோ சன்னலில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் குற்றவாளி குக்கீ, அல்லது நீங்கள் பிரவுசரில் நிறுவிய ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல்.

429 என்றால் நீங்கள் அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். ரெஃப்ரெஷ் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்தால் வருவது இதுதான். ஆனால் நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள், ஆனாலும் 429 என்றால் ஒரு நியாயமான காரணம் உண்டு. சிறு இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து ஓட்டுகின்றன. வெளியிலிருந்து பார்க்கும் தளத்துக்கு உங்கள் தெருவே ஒரே ஆளாகத் தெரியும். பக்கத்து வீட்டில் யாராவது ஓயாமல் தட்டினால் கதவு உங்களுக்கும் சேர்த்து மூடப்படும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் பல நேரம் தீரும். இல்லையென்றால் கால் மணி நேரம் சும்மா இருங்கள்.

401 வந்தால் மறுபடி லாகின் செய்யுங்கள். அவ்வளவே.

நான்காம் படி: 5-ல் தொடங்கினால் போனை நோண்டாதீர்கள்

இங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. பெரிய தளம் எதுவும் ஒற்றைக் கம்ப்யூட்டர் அல்ல. வாசலில் ஒரு சர்வர் நின்று வருகிறவர்களை வாங்கி உள்ளே அனுப்பும். உள்ளே வேலை செய்யும் நிரல் ஓடும் சர்வர்கள். அதற்கும் பின்னால் கணக்குகள் இருக்கும் டேட்டாபேஸ். எந்த இடத்தில் முறிந்தது என்பதைத்தான் எண் சொல்கிறது.

500 என்றால் உள்ளே ஓடும் நிரலே இடறி விழுந்துவிட்டது. 502 என்றால் வாசல் சர்வர் உள்ளே கேட்டது, உருப்படியான பதில் வரவில்லை. 503 என்றால் தாங்க முடியாத கூட்டம், அல்லது பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள். 504 என்றால் வாசல் சர்வர் உள்ளே ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தது, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை.

503-க்கும் 504-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் உங்கள் காசு சம்பந்தப்பட்டது. 503-ல் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் கேட்ட வேலை தொடங்கியிருக்கவே வாய்ப்புக் குறைவு. 504-ல் வேலை உள்ளே நடந்து முடிந்திருக்கலாம், பதில் மட்டும் உங்களுக்கு வந்து சேராமல் போயிருக்கலாம். விண்ணப்பம் பதிவாகியிருக்கலாம், டிக்கெட் போடப்பட்டிருக்கலாம், பணம் ஏறியிருக்கலாம். திரையில் எரர் என்பதால் வேலை நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

520 முதல் 526 வரை ஏதாவது வந்தால் அது கிளவுட்ஃபிளேர் என்ற நடுச் சேவை காட்டும் பக்கம். அதில் மூன்று படங்கள் வரிசையாக இருக்கும்: உங்கள் பிரவுசர், கிளவுட்ஃபிளேர், கடைசியில் தளத்தின் சர்வர். பச்சை டிக் எதன் கீழ், சிவப்புப் பெருக்கல் எதன் கீழ் என்று பாருங்கள். பழுது யார் பக்கம் என்று அவர்களே படம் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். எல்லா எரர் பக்கமும் இப்படி இருந்தால் இந்த வழிகாட்டியே தேவைப்படாது. 521 என்றால் தளத்தின் சர்வர் படுத்துவிட்டது, 522 என்றால் அதைத் தொட முடியவில்லை, 524 என்றால் தொட்டும் பதில் இல்லை. பணம் கட்டும்போது 524 வந்தால் 504 மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் அடியில் ‘ரே ஐடி’ என்று ஒரு நீள எண் இருக்கும். புகார் எழுதும்போது அது வேண்டும்.

சில நாள் அந்த நடுச் சேவையே சாயும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேரில், தானியங்கி நிரல்களை அடையாளம் காணும் ஒரு கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட, உலகெங்கும் ஏகப்பட்ட தளங்கள் ஒரே நேரத்தில் 5-ல் தொடங்கும் எரரைக் காட்டின. தளம் விழுந்ததா என்று பார்க்கப் பலரும் போகும் டவுன்டிடெக்டரே அன்றைக்குத் தள்ளாடியது. 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோதும், வலையமைப்பில் அவர்களே செய்த ஒரு மாற்றம்தான் காரணம். அந்த நாட்களில் போனை ரீசெட் செய்தவர்களுக்கு மிஞ்சியது நஷ்டம் மட்டும்தான்.

சரி, என்னதான் செய்வது? ஒரு தடவை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் விசையோடு எஃப்5. இதுவும் பணம் கட்டும் பக்கம் அல்லாதபோது மட்டும். வரவில்லையா, ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை. பிறகு ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி நேரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். எல்லோரும் விடாமல் தட்டினால் எழுந்து வரப் பார்க்கும் சர்வரும் மறுபடி படுக்கும்.

இடைவெளியில், மற்றவர்களுக்கும் இதே நிலையா என்று பாருங்கள். கோயம்புத்தூரில் வேறு நிறுவன இணைப்பு வைத்திருக்கும் தம்பியையோ மச்சானையோ திறந்து பார்க்கச் சொல்வதே நம்பகமான சோதனை. தளம் விழுந்ததா என்று சொல்லும் சோதனைத் தளங்களை நம் அரசுத் தளங்களுக்கு நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தட்டிப் பார்க்கும். வெளிநாட்டாரை உள்ளே விடாத தளம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் “விழுந்துவிட்டது” என்றே அது சொல்லும்.

நேரத்தையும் பாருங்கள். ரயில் டிக்கெட் தளம் தினமும் இரவு 11.45 முதல் 12.20 வரை பராமரிப்புக்காக முன்பதிவை நிறுத்திவைக்கும்; அது பழுதே அல்ல. காலை 10 மணிக்கு ஏசி தட்கல், 11 மணிக்கு ஏசி அல்லாத தட்கல் திறக்கும் நிமிடங்களில் நெரிசல் இருக்கத்தான் செய்யும். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். திருப்பூர் பனியன் கம்பெனி கணக்காளர் ஒருவரை அன்று சாயங்காலம் போனில் பிடித்துப் பாருங்கள், தெரியும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் ஒரே தளத்தைப் பிடித்துத் தொங்காமல், தேர்வுத்துறை அறிவிக்கும் மாற்றுத் தளங்களையும், பதிவு செய்த எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸையும் பாருங்கள். மின்கட்டணத்துக்குக் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் இருக்கிறது. அதைக் கடைசி நாள் இரவு பதினோரு மணிக்குக் கட்ட உட்கார்ந்தால் சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை. தளம் படுத்திருந்தாலும், யுபிஐ செயலிக்குள் உள்ள மின்கட்டணப் பகுதி வேறு வழியாகப் போவதால் சில நேரம் அது வேலை செய்யும். அதுவும் இல்லையென்றால் ஈபி ஆபீஸ் கவுண்டர் எங்கும் போய்விடவில்லை.

ஐந்தாம் படி: பணம் போன பிறகு எரர் வந்தால்

சென்னிமலையிலிருந்து வரும் பெரியவர் ஒருவர், ஒரு கட்டணத் தளத்தில் 504 வந்து நின்ற போனோடு கடைக்கு வந்தார். விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது.

“ஏனுங் தம்பி, காசு போயிருச்சாட்ட இருக்குதுங், ஆனா ரசீது வல்லீங். இன்னொருக்கா அமுத்தட்டுங்களா?”

“அமுத்தாதீங்க பெரியப்பா. பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சுங்களா?”

“வந்துச்சுங். ஆயிரத்தி சில்லறை எடுத்துட்டான்.”

“அப்பச் செரி, போனைக் குடுங்க, பார்த்துக்கலாம்.”

அவர் இன்னொரு தடவை அமுத்தியிருந்தால் இரண்டு தடவை பணம் போயிருக்கும். பணம் கட்டிய பக்கத்தில் ரெஃப்ரெஷ் செய்தால், “படிவத்தை மறுபடி அனுப்பட்டுமா?” என்று பிரவுசர் கேட்கும். அந்தக் கேள்விக்கு எப்போதும் “வேண்டாம்” என்றே சொல்லுங்கள். பின்செல்லும் பொத்தானையும் தொட வேண்டாம்.

அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். எஸ்எம்எஸ் தாமதமாகலாம், அதனால் வங்கிச் செயலியில் கணக்கு அறிக்கையையும் பாருங்கள். பணம் போகவில்லை என்றால் கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகத் தொடங்கலாம். யுபிஐ செயலியில் ‘பெண்டிங்’ என்று இருந்தால் எதுவும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை மறுபடி கட்டாதீர்கள்.

பணம் போயிருந்தால், வேறொரு சன்னலில் தளத்தைப் புதிதாகத் திறந்து லாகின் செய்து, ‘பரிவர்த்தனை வரலாறு’ அல்லது ‘கட்டண நிலை’ என்ற பகுதிக்குப் போங்கள். பல நேரம் ரசீது அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பெரியவருக்கு அப்படித்தான் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்ததோடு முடிந்தது.

அங்கும் இல்லையென்றால் யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, யுடிஆர் எனப்படும் 12 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள். வங்கியும் தளமும் அதை வைத்துத்தான் தேடும். அதே இடத்தில் புகார் பதியும் வசதியும் உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, யுபிஐயில் கடைக்கோ தளத்துக்கோ கட்டிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து, அங்கே உறுதியாகாமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் என்றால் ஒரே நாள்தான். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே வர வேண்டும் என்பது விதி. வராவிட்டால் இந்த விதியைச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். பணம் மாட்டிக்கொண்ட பதற்றத்தில் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடாதீர்கள். அந்தப் பதற்றத்துக்காகவே காத்திருக்கும் கூட்டம் போலி எண்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறது. மரியாதையாகப் பேசுவார்கள், “ரீஃபண்டுக்கு ஒரு ஆப் ஏத்துங்க சார்” என்பார்கள். அந்த ஆப் உங்கள் திரையை அவர்கள் பார்க்க வைக்கும். பணம் திரும்ப வருவதற்கு யுபிஐ பின் எண் போடத் தேவையே இல்லை. பின் எண் கேட்டாலே பணம் போகப்போகிறது என்று அர்த்தம். உதவி எண்ணை வங்கி அட்டையின் பின்பக்கத்திலிருந்தோ, செயலியின் உள்ளேயிருந்தோ மட்டும் எடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறாம் படி: புகார் எழுதும் முறை

“உங்க சைட் வேலை செய்யலை” என்று எழுதினால், “கேஷை கிளியர் பண்ணிட்டு மறுபடி பாருங்க” என்ற ஆயத்தப் பதில்தான் வரும். அதற்கு இடம் கொடுக்காமல் எழுதுங்கள். கீழுள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“12-ஆம் தேதி காலை 10.42 மணிக்குக் கட்டணப் பக்கத்தில் ‘கட்டு’ பொத்தானை அழுத்தியபோது 504 எரர் வந்தது. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும், இரண்டு பிரவுசர்களிலும் பார்த்தேன், இதே நிலை. கணக்கில் 1,180 ரூபாய் கழிந்துள்ளது, யுடிஆர் எண் இது. ரசீது உருவாகவில்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். கட்டணம் பதிவாகியிருந்தால் ரசீது அனுப்பவும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பவும்.”

நிமிடம் வரை நேரம் எழுதுவது வெட்டி வேலையல்ல. சர்வரில் ஒவ்வொரு கோரிக்கையும் நேரத்தோடு பதிவாகிறது, அவர்கள் அந்த நிமிடத்தைத்தான் தேடுவார்கள். கடவுச்சொல், ஓடிபி, முழு அட்டை எண் எதையும் எழுத வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்தாலும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால் இந்த மின்னஞ்சலை அன்றைக்கே அனுப்பி வைப்பது முக்கியம். பின்னால் கெடு நீட்டிப்புக் கேட்கும்போது கையில் சாட்சி இருக்கும். மாநில அரசுத் தளம் என்றால் 1100 என்ற உதவி எண்ணிலும், மத்திய அரசுத் தளம் என்றால் அவர்களின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸிலும் பதியலாம்.

தளமே உங்களுடையது என்றால்

பவர்லூம், பனியன், மஞ்சள் மண்டி, தேங்காய் வியாபாரம் என்று இந்தப் பக்கம் சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள் இப்போது ஏராளம். வாடிக்கையாளர் கூப்பிட்டு, “உங்க சைட் வர்றதில்லீங்களே” என்றால் முதலில் டொமைன் என்ற தளப் பெயரும், தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த இடமான ஹோஸ்டிங்கும் காலாவதி ஆகிவிட்டனவா என்று பாருங்கள். தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடி, டேட்டாபேஸ் இணைப்பு எரர் காட்டினால் ஹோஸ்டிங்காரரைப் பிடியுங்கள். ஏதாவது பிளகினை, அதாவது அதில் சேர்த்த துணை நிரலை, அப்டேட் செய்த கையோடு 500 வந்தால் அந்தப் பிளகின்தான். 2019-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து, இப்படி முறிந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று தானாக வரும். அந்த மின்னஞ்சல் யாருடையது என்பதில்தான் பல கம்பெனிகள் மாட்டிக்கொள்கின்றன. தளம் செய்து கொடுத்த பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான், டொமைன் அவன் பெயரில் இருக்கும், புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்புகள் எல்லாம் அவனுடைய பழைய மின்னஞ்சலில் கிடக்கும். டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் மூன்றின் லாகினையும் தளம் நன்றாக ஓடும்போதே உங்கள் கம்பெனி மின்னஞ்சலுக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.